நிக்கல் அளவு திடீர் திடீரென்று ஏறுகிறது, உடனுக்குடன் பார்க்க என்ன வழி?

வணக்கம். முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குரோமியத்தில் தொந்தரவு இல்லை. பிஎச்சை (அமில-கார அளவை) 2-3க்கு இறக்கி மெட்டாபைசல்பைட் (குரோமியத்தைப் படியக்கூடிய வடிவுக்கு மாற்றும் உப்பு) போட்டு, அப்புறம் சுண்ணாம்பு சேர்த்து 8.5 வாக்கில் நிறுத்தினால் மஞ்சள் நிறம் போய்ச் சாம்பல் பச்சையாகச் சேறு இறங்கிவிடுகிறது. தலைவலி நிக்கல்தான். அது நன்றாகப் படிய பிஎச் 10ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும், அந்த அளவில் குரோமியம் மறுபடி கரைய ஆரம்பிக்கும் என்பதால் தனித்தனித் தொட்டியாகவே ஓட்டுகிறோம். அப்படியும் சில நாட்கள் வெளியேறும் நீரில் நிக்கல் எகிறிவிடுகிறது.

எலக்ட்ரோலெஸ் நிக்கல் (மின்சாரம் இல்லாமல் வேதிவினையால் நிக்கல் பூசும்) தொட்டியின் கழுவுநீர் வந்து சேரும் நேரமாக இருக்குமோ என்று சந்தேகம். அதிலுள்ள சிட்ரேட் மாதிரியான பொருட்கள் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு படியவே விடாது. ஆனால் ஆய்வகத்தின் அணு உறிஞ்சல் சோதனை (உலோக அளவைக் கணக்கிடுவது) முடிவு கைக்கு வருவதற்குள் அந்தத் தண்ணீர் போயே போய்விடுகிறது, ஆதாரம் எங்கே?

டைமெத்தில்கிளையாக்ஸைம் (நிக்கலோடு சேர்ந்து சிவப்பாகும் வேதிப்பொருள்) நிறச் சோதனை மலிவு, ஆனால் அமிலத்தில் கொதிக்கவைத்துச் செரிக்காவிட்டால் இப்படிப் பிணைந்த நிக்கல் முழுதாகக் காட்டாது என்பது என் பயம். வோல்டாமெட்ரி முறையில் (மின்முனையில் பாயும் மின்னோட்டத்தை வைத்து உலோகத்தை அளப்பது) இயங்கும், ஓடும் நீரிலேயே அளக்கும் ஆன்லைன் கருவி விற்பவர்கள் எல்லாம் முடியும் என்கிறார்கள் (விற்பவர்கள் வேறென்ன சொல்வார்கள்!), மின்முனையில் எண்ணெய்ப்பசையும் சோப்பும் படிந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். யாராவது இதை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை, மணிக்கொரு முறை நீர் மாதிரி எடுக்கும் தானியங்கிக் கருவி வைத்து, எந்த நேரத்தில் ஏறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பதுதான் சரியா?