பெரிஃபைட்டன்: பாசியை விட்டுவிட்டுப் 'பற்றுப்படலம்' என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நீருக்கடியில் கல்லிலும் கட்டையிலும் படியும் வழுக்குப் பூச்சான 'பெரிஃபைட்டனு'க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. கிள்ளான் ஐயா 'ஒட்டுப்பாசி' என்றார். ஈப்போ அக்கா 'கல்பாசி' என்றார். இன்னொரு நண்பர் கிரேக்க வேரைப் பிரித்துக் காட்டிச் 'சுற்றுத்தாவரம்' என்று எழுதினார். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதன்பின் தாராளமாக மறுக்கலாம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தண்ணீர்மலைப் பக்கம் ஓடையில் இறங்கிக் கால் வழுக்காத பினாங்குக்காரர் அரிது. வழுக்குவது கல்லன்று, கல்லின்மேல் படிந்த பழுப்பும் பச்சையும் கலந்த பூச்சு. ஆய்வாளர்கள் அந்தக் கல்லை எடுத்து, அளந்து குறித்த பரப்பை மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் தட்டில் கழுவி இறக்குவார்கள். ஆறிய தேநீர் நிறத்தில் ஒரு கலங்கல் சேரும். டயட்டம் என்னும் ஒருசெல் பாசி, நீலப்பசும்பாசி, பசும்பாசி இழை, பாக்டீரியா, பூஞ்சை, மட்கிய இலைத்துணுக்கு, நுண்மணல் எல்லாம் ஒரே பிசினில் சிக்கிக் கிடக்கும். அதாவது பாசி இதில் ஒரு பங்காளி மட்டுமே.

என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. நாம் தமிழாக்கும் பாடம் பாதரச மாசு பற்றியது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில், 1950களில் ஹைட்ரஜன் குண்டுக்காக லித்தியம் ஐசோடோப்புகளைப் பிரிக்கப் பாதரசத்தைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு பகுதி பக்கத்திலிருந்த ஈஸ்ட் ஃபோர்க் பாப்லர் ஓடையில் கலந்தது. பிற்காலத்தில் நீரில் பாதரச அளவைக் குறைத்தார்கள். மீனில் மெத்தில் பாதரசம், அதாவது பாதரசத்தின் உடலில் சேரும் நச்சு வடிவம், அதற்கேற்பக் குறையவில்லை. நீரில் குறைந்தது மீனில் ஏன் குறையவில்லை என்று தேடிப் போனவர்களின் பார்வை கல்லில் படிந்த இந்தப் பூச்சின் மேலும் விழுந்தது.

பூச்சின் தடிமன் மிகச் சிறியது, ஆனால் உள்ளே இரண்டு உலகங்கள். வெயில் படும் மேலடுக்கில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைப் பெருக்குகிறது. சற்று அடியில் ஆக்சிஜனே இல்லாத மூலைகள். சல்ஃபேட்டையும் இரும்பையும் ஒடுக்கி வாழும் பாக்டீரியாக்களும் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும் அங்கே குடியிருக்கின்றன. இவற்றுள் சில, கனிமப் பாதரசத்தோடு மெத்தில் தொகுதியைச் சேர்த்துவிடுகின்றன. அதற்குத் தேவையான இரண்டு மரபணுக்களை 2013இல் அடையாளம் கண்டார்கள். பாசி அந்த வேலையைச் செய்வதில்லை. செய்கிறவர்களுக்கு இடமும் உணவும் தருகிறது. பிறகு நத்தையும் நீர்ப்பூச்சிப் புழுவும் அந்தப் பூச்சை மேய, அவற்றை மீன் தின்ன, நஞ்சு படிப்படியாக ஏறுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்டது இதே மெத்தில் பாதரசத்தின் கொடுமைதான். ஆனால் அங்கே ஆலையே அதை ஆயத்த நிலையில் கடலில் விட்டது. ஓடையில் அது கல்லின்மேல் உருவாகிறது.

இப்போது சொல்லுங்கள், 'ஒட்டுப்பாசி நஞ்சை உண்டாக்குகிறது' என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் படித்தால் என்ன நினைப்பான்? பாசிதான் குற்றவாளி என்று. 'ஒட்டு' என்றதும் ஒட்டுண்ணியும் நினைவுக்கு வரும். கல்லிடம் உறிஞ்சிக்கொள்ள என்ன இருக்கிறது? 'கல்பாசி' இன்னும் மோசம். லிட்டில் இந்தியா மசாலைக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள், குருமாவுக்கு. சுற்றுத்தாவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாக்டீரியா தாவரமன்று.

என் முன்மொழிவு 'பற்றுப்படலம்'. கல்லைப் பற்றும், மூழ்கிய கட்டையைப் பற்றும், நீர்ச்செடியின் தண்டைப் பற்றும், ஆய்வாளர்கள் சில வாரங்கள் ஓடையில் போட்டு வைக்கும் பீங்கான் ஓடுகளையும் பற்றும். பாடநூல்களில் பிளாங்டனுக்கு 'மிதவை உயிரி' ஏற்கனவே வேரூன்றிவிட்டது. மிதப்பதற்கு இணையாகப் பற்றுவது பொருந்தி வருகிறது. ஊருணித் துறையில் தொட்டால் விலகி, விட்டால் கூடுகிற பாசி வேறு, பிரஷ் போட்டுத் தேய்த்தாலொழிய அசையாத இது வேறு என்பதும் சொல்லிலேயே விளங்கும்.

பயோஃபிலிமுக்கு 'உயிர்ப்படலம்' இருக்க இன்னொன்று எதற்கு என்று ஜார்ஜ்டவுன் நண்பர் கேட்டார். பல்லில் படிவதும் குழாய்க்குள் படிவதும் உயிர்ப்படலமே. ஒளியும் நீரும் பாசியும் சேர்ந்த இந்த வகைக்குத் தனிப்பெயர் வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பற்று வரவு ஞாபகம் வரலாம், அதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

மற்றவை சுருக்கமாக. 'இதள்' அழகான பழஞ்சொல், ஆனால் மாணவருக்குப் பாதரசமே பழக்கம், மாற்ற வேண்டாம். மெத்தில் சேர்வதை 'மெத்திலேற்றம்' என்றும், பிரிவதை 'மெத்தில் நீக்கம்' என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே படலத்துக்குள் நடப்பதால் இணையாக ஒலிப்பது நல்லது.

தீராமல் இருப்பது ஒன்று: படலத்தைச் சுரண்டித் தின்னும் நத்தை, புழுக்களுக்கு என்ன பெயர்? 'மேய்வன' என்றால் ஆடு மாடு கண்முன் வருகிறது. 'சுரண்டுண்ணி' என்று தோன்றுகிறது, நாக்கில் சற்று இடறுகிறது. ஈப்போ அக்கா இதில் கை கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து