கடற்காற்று எப்போது வரும் என்று காலையிலேயே கணிக்க முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன உதவி. கோடை முழுக்கப் பக்கத்துக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், ஆனால் அங்கே வானிலை போகிற போக்கு இன்னும் பிடிபடவில்லை. கைப்பேசி 34 டிகிரி என்று காட்டும். ஒரு நாள் சில்லென்று காற்று, மறுநாள் அதே 34இல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது என்பது தெரியும், நிலத்திலிருந்து பலமாக அடித்தால் அது தாமதமாகும் என்பதும் தெரியும். சரி, இன்றைக்கு 11 மணிக்கு வருமா, 3 மணிக்கா, வரவே வராதா? இதைக் காலையிலேயே எதை வைத்துச் சொல்கிறீர்கள்? காற்றின் திசையா, மேகமா?

அப்புறம் இன்னொன்று. காற்று வந்துவிட்டால் வெயில் உறைப்பதே தெரிவதில்லை. போன வாரம் குடைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் கழுத்து கன்றிவிட்டது. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புமாம். மாலை 4 மணிக்கு மேல் போனால் போதுமா? அப்போதும் மணலில் செருப்பைக் கழற்ற முடியவில்லை.

அனுபவத்தில் கண்டதைச் சொல்லுங்கள். வானிலைச் செயலி வேண்டாம், என்னிடம் ஏற்கெனவே நாலு இருக்கிறது, நாலும் நாலு விதமாகச் சொல்கிறது.