புதுப்பிப்பு: டயரின் ட்ரெட்வேர் எண், ஒரு திருத்தம்

ட்ரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்ட அதன் மேல் பொறிக்கும் எண். "ட்ரெட்வேர் 400 டயர், 200-ஐவிட இரு மடங்கு ஓடும்" என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. இந்த அமெரிக்கத் தர முறையில் டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, மீதித் தேய்மானத்தைக் கணக்குப் போட்டு எண்ணைப் பொறிப்பது கம்பெனியேதான், அரசு அல்ல. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடலாம். கம்பெனி மாறினால் அந்த எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள்.

ட்ராக்‌ஷன் (சாலைப் பிடிப்பு) தரம் ஏஏ, ஏ, பி, சி என்பது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பது மட்டும். வளைவுப் பிடிப்பு அதில் சேராது.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் டி.ஓ.டி. வரியின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மாட்டும் முன்பே பாருங்கள், பிறகு டார்ச் அடித்துக் குனிய வேண்டிவரும். ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிப்பது சுமை எண்; 91 (615 கிலோ) கேட்கும் காருக்கு 88 (560 கிலோ) வேண்டவே வேண்டாம்.