ஊசி நேரமும் காவல் நேரமும்

காவல்கூண்டு:
ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) எடுத்தவர்களுக்கு ட்ரிகர் ஊசி, அதாவது கருமுட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி பற்றி விளக்க வேண்டியதில்லை. இரவு 10.30, நேரம் தவறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதிலிருந்து 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. அன்றைக்குப் பார்த்து இரவுக் காவல் என் பெயரில். மாற்றிக் கேட்டால் காரணம் சொல்லணும், அதனால் கேட்கவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்தேன். துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாது, தோளிலேயே தொங்குகிறது. டார்ச்சைப் பல்லில் கடித்து, சட்டையைத் தூக்கி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்குகிறேன். வெளியே ரோந்து வந்தவரின் குரல்: "உள்ளே என்ன, தூக்கமா?"

"ஆமா சார்" என்றேன்.

காவலில் தூங்கியதாக எழுதி, ஏழு இரவு கூடுதல் காவல் போட்டார்கள். அந்தச் சுற்றில் எதுவும் தங்கவில்லை, அது வேறு கதை. அந்த "ஆமா சார்"தான் இன்னும் உறுத்துகிறது.

பனிமேடு:
எனக்கு வயர்லெஸ் வழியாகத்தான் செய்தி வந்தது. இரைச்சலுக்கு நடுவே கேட்டது இவ்வளவுதான்: "பிரசவம் ஆச்சு, ரெண்டும் நலம்." இரட்டைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு நாள், மேலே இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு பெயர் தேடினோம். இறங்கி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்து நான் முதலில் கேட்டது, "இன்னொன்னு எங்கே?" ரெண்டும் என்றால் தாயும் சேயும். அதற்கு முன் ஒன்றை இழந்தவள் என் மனைவி. அந்த முகத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

மூன்றுமாதம்:
காவல்கூண்டு மேடம், தப்பு உங்கள் மேல்தான். மேலதிகாரியிடம் முன்னாடியே சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. நானும் சொன்னேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை. காய்ச்சலோடு முகாமிலிருந்து திரும்பியதும் எடுத்த பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை குறைவு, மூன்று மாதம் கழித்துச் சரி. விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் இடிந்துபோகாதீர்கள். நீண்ட பணிக்குப் போகும் முன் விந்தணுவை உறைய வைத்துவிட்டுப் போங்கள். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் அது பாட்டுக்குக் கிடக்கும், உங்கள் லீவுக்காகக் காத்திருக்கும். அப்புறம், கர்ப்பம் என்று தெரிந்த பிறகு சுடுதளப் பக்கம் போகாதீர்கள். காதுறை உங்கள் காதைத்தான் மூடும், வயிற்றுக்குள் இருப்பதன் காதை அல்ல. தோட்டாவின் ஈயத்தூள் வேறு மூச்சோடு உள்ளே போய் எலும்பில் தங்கும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும். எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கானது) மாதிரி உயிருள்ள தடுப்பூசி போட்டிருந்தால் கருத்தரிப்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இதையெல்லாம் மறைத்து வைத்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஒருநட்சத்திரம்:
மேடம் கேட்டது அறிவுரை இல்லை சார். நீங்கள் சொன்ன அதே சுடுதளத்துக்காகத்தான் நான் ஆறாவது வாரமே சொன்னேன். மறுநாள் அணிவகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒன்பதாவது வாரம் கலைந்தது. அது மட்டும் யார் காதுக்கும் போகவில்லை, பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். ஸ்டோரில் பூட்ஸ் வாங்கப் போனால், அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே என் நம்பர் எழுதிய பொட்டலத்தை எடுத்து வைத்தார். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த சீருடை, இரண்டு செட்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பூட்ஸ் கேட்க மறந்துவிட்டேன்.