நடுவட்டம் கொய்னா மரம்: மகளின் சார்ட்டில் யார் பெயரை எழுதுவது?

நடுவட்டத்து மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளியில் கண்காட்சி, தலைப்பு 'உலகை மாற்றிய மனிதர்களும் கண்டுபிடிப்புகளும்'. வகுப்பில் பாதிப் பேர் கொலம்பஸ், எடிசன், ரைட் சகோதரர்கள் என்று எடுத்துவிட்டார்கள். இவள் மட்டும் 'தாத்தா வேலை பார்த்த கொய்னா மரத்தைத்தான் எடுப்பேன்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

என் அப்பா நீலகிரி நடுவட்டத்தில், மலேரியா மருந்துக்காக வளர்த்த சிங்கோனா மரத் தோட்டத்தில் பட்டை உரித்தவர். கூடலூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அவர் சிங்கோனா என்று சொல்ல மாட்டார், கொய்னாதான். இப்போது அங்கே பெரும்பாலும் தேயிலை. லைன் வீட்டுப் பக்கம் சில மரங்கள் மட்டும் நிற்கின்றன, விழப்போகிற இலை நன்றாகச் சிவந்து அழகாக இருக்கும். போன ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தைக் காட்டி மகள் படம் எடுத்தாள்.

சந்தேகம் இதுதான். சார்ட்டின் மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயரும் ஓர் ஆண்டும் இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் மார்க்கம் என்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் மெக்கைவர், வேறோர் இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர். யார்தான் கண்டுபிடித்தது, யார் கொண்டுவந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவைக் கேட்டால் 'துரைமார் கொண்டுவந்தாங்க' என்பதோடு நிறுத்திவிடுகிறார்.

குன்னூர் ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் நான், இந்த மரத்தைத் தானாகக் கேட்டு எடுத்த பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கண்டுபிடித்தது வேறு, கொண்டுவந்தது வேறு. மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம். அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது 1600களிலேயே ஐரோப்பா வரை போய்விட்டது. பெரு நாட்டை ஆள வந்த, ஸ்பெயினின் சிங்கோன் என்ற ஊர்ப் பிரபுவின் மனைவி அதைக் குடித்துக் குணமானதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதைக்குச் சான்று இல்லை, ஆனால் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ் அதை நம்பி 1742இல் மரத்துக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார், வைக்கும்போது ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். பட்டையிலிருந்து குயினைன் என்ற மருந்தைத் தனியாகப் பிரித்தவர்கள் பாரிஸில் பெல்லெட்டியேவும் கவந்தூவும், 1820இல். நீங்கள் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் இவர்கள்தான்.

நீலகிரிக்கு வந்த கதை 1860இல் தொடங்குகிறது. மலேரியாவில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், பட்டையை விலை கொடுத்து இறக்குமதி செய்து பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை, ஆண்டிஸ் மலையிலோ பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெருவுக்கு அனுப்பினார்கள். (பிற்காலத்தில் துருவப் பயணி ஸ்காட்டை அண்டார்க்டிகாவுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தவரும் இதே மார்க்கம்தான்.) அவர் தேடி எடுத்த நாற்றுகள் பனாமா, இங்கிலாந்து, சூயஸ் என்று சுற்றிக்கொண்டு வந்ததில் செங்கடல் வெயிலில் வதங்கிப்போயின, ஊட்டிக்கு வந்து சேர்ந்தவையும் பிழைக்கவில்லை.

பிழைத்தது ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அனுப்பியது. ஈக்வடாரில் சிம்பராசோ மலைச்சரிவில், கை கால் சரியாக இயங்காத நிலையில், காட்டுச் சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுத்து அனுமதி வாங்கி, ஏறக்குறைய ஒரு லட்சம் விதையும் அறுநூறுக்கு மேல் நாற்றும் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கூடவே வந்து நாற்றுகளைக் காபந்து பண்ணி இங்கே சேர்த்தார், அது 1861. நடுவட்டத்தில் நன்றாகப் பிடித்தது ஸ்புரூஸ் அனுப்பிய அந்தச் சிவப்புப் பட்டை இனம்தான். தொட்டபெட்டா உயரத்துக்கு வேறோர் இனம்.

நாற்று வந்த பெட்டியையும் சார்ட்டில் வரையச் சொல்லுங்கள். லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட் 1829இல் ஒரு மூடிய கண்ணாடி ஜாடிக்குள் கூட்டுப்புழு வளர்த்துப் பார்த்திருக்கிறார். அந்த ஜாடியின் மண்ணில் சின்னப் பெரணி ஒன்று தானாக முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. உள்ளே ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்கிவிடுகிறது. அதைப் பார்த்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டியில்தான் பிறகு உலகம் முழுக்க நாற்றுகள் கடல் தாண்டின. ஒரு பாட்டிலும் ஒரு பெரணிச் செடியும் இருந்தால் மகளே அதைச் செய்து காட்டலாம்.

ஒரே பெயர்தான் வேண்டுமென்றால் ஸ்புரூஸ் என்று எழுதுங்கள்.

ஊட்டி பூங்காக்காரன் எழுதியது:

ஐயா சொன்னது சரி, ஆனால் வில்லியம் கிரஹாம் மெக்கைவரை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது எனக்கு மனசு கேட்கவில்லை. நாற்று வந்தால் போதுமா? ஈக்வடார் மண்ணில் வளர்ந்ததை நம் மலையில் பிடிக்க வைக்க வேண்டாமா? 1848இல் வந்து ஊட்டி அரசுப் பூங்காவை உருவாக்கியவர் அவர். விதையில் முளைத்தது போதாது என்று துண்டு வெட்டிப் பதியன் போட்டு, எந்த இனத்துக்கு எந்த உயரம் ஒத்துவரும் என்று நட்டுப் பார்த்து, சில வருடத்தில் லட்சக்கணக்கில் பெருக்கினார்.

அதைவிடப் பெரிய விஷயம் பாசி. பட்டைக்காக மரத்தை வெட்டினால் மரம் போச்சு. மெக்கைவர் மரத்தை நிற்கவிட்டு, பட்டையை நீளவாக்கில் ஒரு கீற்று விட்டு ஒரு கீற்று உரித்து, உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது, சோதித்துப் பார்த்தால் அதில் பழைய பட்டையைவிட மருந்துச் சத்து அதிகம். நான் தோட்ட வேலை செய்கிறவன், காயம் பட்ட மரத்துக்குச் சாணி பூசுவேன், அதனால் இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் அப்பாவிடம் பாசி கட்டினார்களா என்று கேளுங்கள் அக்கா.

மசினகுடி எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று. மலேரியா கொசுவால்தான் பரவுகிறது என்று நிரூபித்த ரொனால்டு ராஸ் 1897இல் ஊட்டிக்கு வந்தார், காய்ச்சலைப் பற்றி ஆராய சீகூர் மலைப்பாதையில் இறங்கினார், அங்கே அவருக்கே மலேரியா வந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 20இல் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைப் பார்த்தார். 1902இல் நோபல் பரிசு. மலையின் ஒரு பக்கம் மருந்து விளைந்திருக்கிறது, மறுபக்கம் நோயின் காரணத்தைத் தேடியிருக்கிறார்கள். மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எமரால்டு தம்பி எழுதியது:

அக்கா, எல்லாரும் சொன்னதைப் படித்தேன், எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் ஒரு பெயர் இங்கே வரவே இல்லை, அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மானுவேல் இங்க்ரா மாமானி.

பொலிவியாவின் அய்மரா இனத்துக்காரர் அவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் வேலை பார்த்தவர். லெட்ஜரைவிட மாமானிக்குத்தான் காட்டில் எந்த மரத்தின் பட்டை அதிகம் கசக்கும், எது உயர்ந்த ரகம் என்று கண்ணால் பார்த்தே தெரியும். நல்ல விதை கொண்டுவா என்று லெட்ஜர் கேட்டார். மாமானி போனார். பூ பூக்கும், உறைபனி வந்து கருகிவிடும். பனி என்ன செய்யும் என்று நீலகிரியில் எமரால்டு ஊரில் இருக்கிற எனக்குத் தெரியும், ஒரே ராத்திரியில் உருளைக்கிழங்குச் செடி வெந்தது போலக் கறுத்துவிடும். அவருக்கு ஒரு வருடம் இல்லை, நாலு வருடம் அப்படிப் போனது. அத்தனை வருடம் காத்திருந்து, 1865இல் விதையை எடுத்துக்கொண்டு மலைகளைத் தாண்டி நடந்தே வந்து கொடுத்தார்.

லெட்ஜர் அந்த விதையை லண்டனில் விற்கப் பார்த்தார். பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றுவிட்டது, கையில்தான் நீலகிரி மரம் இருக்கிறதே. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை விதை வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள், இருபதாயிரம் செடி வந்தது. பட்டையைச் சோதித்தால் குயினைன் பத்து சதவீதத்துக்கும் மேலே. நம் சிவப்புப் பட்டையில் இரண்டு மூன்று இருந்தாலே அதிகம். இரண்டாம் உலகப்போருக்கு முன்பு உலகத்துக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. நீலகிரியில் சிங்கோனாவுக்கு மவுசு குறைந்ததற்கும் தேயிலை ஏறியதற்கும் பெரிய காரணம் இந்த ஒரு பவுண்டு விதை.

இன்னும் விதை வேண்டும் என்று லெட்ஜர் மறுபடி கேட்டார். விதை வெளியே போகக்கூடாது என்பது அங்கே அரசின் கட்டளை. மாமானியைப் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியிலேயே 1871இல் இறந்துபோனார். மரத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? சிங்கோனா லெட்ஜெரியானா. எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உங்கள் மகள் மேலே மாமானி என்று எழுதட்டும் அக்கா.

குன்னூர் ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். நான் வகுப்பில் லெட்ஜெரியானா என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், மாமானி பெயரைச் சொன்னதில்லை, அது என் தவறு. ஆனால் ஒன்று, நடுவட்டத்தில் அந்தத் தாத்தா உரித்தது ஸ்புரூஸ் வழி வந்த சிவப்புப் பட்டை. மாமானி விதை இங்கே முதலில் வரவில்லை. மகளின் சார்ட்டு தாத்தாவின் மரத்தைப் பற்றியது என்றால் மேலே மாமானி மட்டும் இருந்தால் தகவல் பிசகும்.

எமரால்டு தம்பி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஸ்புரூஸுக்கும் மரத்தைக் காட்டியது அந்த மலையில் பட்டை உரித்த ஆட்கள்தானே, அவர்கள் பெயர் எந்த சார்ட்டிலும் வருவதில்லை.

நடுவட்டத்து மகள் எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மகள் மொத்தத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். மாமானி கதை வந்தபோது அப்பா 'இன்னொரு தடவை படி' என்றார். பாசி அவர் காலத்தில் கட்டவில்லையாம். கத்தியால் கீறி, உரித்து, வெயிலில் காயப்போடுவார்களாம். கைவிரல் எல்லாம் கசப்பு ஏறி, கழுவினாலும் போகாமல், சாப்பிடுகிற சோறே கசக்குமாம். அந்தக் கசப்புப் பட்டை எங்கெல்லாம் போனது என்று யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அப்பா ஏன் கொய்னா என்கிறார்? சிங்கோனா எப்படிக் கொய்னா ஆனது?

குன்னூர் ஓய்வாசிரியர் எழுதியது:

சிங்கோனா கொய்னா ஆகவில்லை அம்மா, இரண்டும் வேறு வேறு சொல். ஆண்டிஸ் மலையில் கெச்சுவா பேசுகிறவர்கள் பட்டையைக் கினா என்பார்கள். அது ஸ்பானிய மொழிக்குப் போய், அதிலிருந்து குயினைன் ஆகி, நம் ஊரில் கொய்னா ஆனது. அந்தக் காலத்தில் தபால் ஆபீசில் பொட்டலமாக விற்ற மருந்தை நம் ஜனங்கள் கொய்னா என்றுதான் கேட்டு வாங்கினார்கள். லின்னேயஸ் வைத்த பெயரில் ஒரு சீமாட்டி இருக்கிறாள், உங்கள் அப்பா சொல்கிற பெயரில் அந்த மலைக்காரர்களே இருக்கிறார்கள்.

நடுவட்டத்து மகள் எழுதியது:

ஐயா, இதைப் படித்ததும் மகள் எழுந்து போய் சார்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டாள், முதலிலிருந்து எழுதப் போகிறாளாம். மேலே பெரிதாக 'கொய்னா', அதற்குக் கீழே ஆண்டிஸ் மலையிலிருந்து நடுவட்டம் வரை ஒரு கோடு, கோட்டில் வரிசையாக மாமானி, ஸ்புரூஸ், கிராஸ், வார்ட் பெட்டி, மெக்கைவர், கடைசியில் தாத்தா படம். மாமானி கோட்டை மட்டும் ஜாவா பக்கம் திருப்பப் போகிறாள், ஐயா சொன்ன தகவல் பிசகக்கூடாதாம். மிஸ்ஸிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மேசையில் கொஞ்சம் காய்ந்த பட்டை வைக்கலாமா? வருகிறவர்கள் வாயில் போட்டுப் பார்த்தால் ஆபத்தா?

ஊட்டி பூங்காக்காரன் எழுதியது:

வையுங்கள் அக்கா, ஆனால் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் வையுங்கள், சுவைக்கக் கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் காதில் இரைச்சல், தலைசுற்றல் வரும். சின்னப் பிள்ளைகள் வேறு வருவார்கள். விதை கிடைத்தால் அதையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டச் சொல்லுங்கள், சுற்றிலும் மெல்லிய இறக்கை இருக்கும், ஊதினால் பறந்துவிடும், அதனால் ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.