பின்னங்கால் செயலிழந்த பூனைக்கு எந்தச் சாப்பாடு?

கேள்வி (சாம்பல்வால்):
மூணு வயசு ஆண் பூனை, கருத்தடை செஞ்சது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்ல, முன்னங்காலால இழுத்துக்கிட்டே நகரும். மூத்திரப்பையை தினம் ரெண்டு தடவை அமுக்கி எடுக்கணும். எடை 4.6 கிலோ. ட்ரை ஃபுட் கிண்ணத்துல எப்பவும் கிடக்கும். மூணு நாளைக்கு ஒரு தடவைதான் மலம், அதுவும் கெட்டியா. இடுப்பெலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது. சாப்பாட்டைக் கூட்டணுமா? எந்த வகை வாங்கலாம்?

பதில் (மீசைக்காரி):
கூட்டாதீங்க. இடுப்பெலும்பு தெரியறது பட்டினியால இல்ல. அசையாத கால்ல தசை கரைஞ்சுடும், அதனாலதான் எலும்பு தூக்கிக்கிட்டு நிக்கும். இதைப் பாத்துட்டு "இளைச்சுப் போச்சே"ன்னு அள்ளிப் போடறதுதான் இந்தப் பூனைகளுக்கு நடக்கிற முதல் தப்பு. தசை குறைஞ்ச இடத்துல கொழுப்பு ஏறும், தராசு அதே எடையைக் காட்டும். முன்பக்க விலா எலும்பைத் தடவிப் பாருங்க. அழுத்தாமலே விரல்ல பட்டா சரியான எடை. அழுத்தித் தேடினாத்தான் கிடைக்குதுன்னா கொழுப்பு கூடுதல். இந்த உடம்பை முன்னங்கால் ரெண்டும்தான் இழுக்கணும், அதனால ஒவ்வொரு 100 கிராமும் தோள்மூட்டுக்குச் சுமை.

விலா தட்டுப்படலேன்னா இலக்கு எடை 4 கிலோன்னு வச்சுக்கலாம். ஓய்வா இருக்கிற பூனைக்கு நாளுக்கு வேண்டிய கலோரிக் கணக்கு: 70 × (கிலோவில் எடையின் 0.75 அடுக்கு). 4 கிலோவுக்கு சுமார் 200 கிலோகலோரி வரும். ஓடியாடற பூனைக்கு இதுக்கு மேல கூட்டுவாங்க, இவனுக்கு அது வேண்டாம். ட்ரை ஃபுட்ல 100 கிராமுக்கு 380 கிலோகலோரின்னா 50 கிராம் சொச்சத்திலேயே நாளுக்கான பங்கு முடிஞ்சுடும். கிண்ணத்துல குவிச்சு வச்சா எவ்வளவு உள்ள போகுதுன்னே தெரியாது.

85 கிராம் வெட் ஃபுட் பாக்கெட் ரெண்டு (ஒண்ணுல 70 கிலோகலோரின்னா 140), கூட 15 கிராம் ட்ரை. நாலு வேளையாப் பிரிங்க. உங்க பாக்கெட்ல போட்டிருக்கிற கலோரியைப் பாத்து அளவை மாத்திக்கங்க. 7 முதல் 10 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. வாரத்துக்கு 1 சதவீதம், அதாவது 45 கிராம் வாக்குல குறைஞ்சா போதும். வேகமாக் குறைச்சாலோ, ரெண்டு நாள் முழுசாச் சாப்பிடாம விட்டாலோ ஈரல்ல கொழுப்பு படியும். குண்டுப் பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பதில் (கிண்ணம்):
மலம் கெட்டிக்குக் காரணம் அசைவு குறைவு, அதோட தண்ணீர் பஞ்சம். ட்ரை ஃபுட்ல ஈரம் 10 சதவீதம்கூடத் தேறாது, வெட் ஃபுட்ல 80 வரை இருக்கும். 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 200 மில்லி வேணும். மேலே சொன்ன ரெண்டு பாக்கெட்லயே 130 மில்லிக்கு மேல வந்துடும், மீதியைச் சாப்பாட்டிலேயே வெதுவெதுன்னு கலந்துடுங்க.

ஆனா ஒண்ணு மறந்துடாதீங்க: தண்ணி கூடினா மூத்திரமும் கூடும். ரெண்டு தடவை அமுக்கறது மூணாகணும். தேங்கி வழிஞ்சா கிருமித்தொற்று, தொடையில தோல் புண்.

"யூரினரி"ன்னு எழுதின தீவனத்தை நீங்களா வாங்காதீங்க. அதுல பல வகை மூத்திரத்தோட அமிலத்தன்மையைக் கூட்டும். மூத்திரப்பையில வர்ற கல்லுல ஸ்ட்ரூவைட் வகைக்கு அது சரி, கால்சியம் ஆக்சலேட் வகைக்கு ஆகாது. பரிசோதனை முடிவு கையில இருந்தாத்தான் அந்தப் பேச்சே.

சாம்பல்வால்:
நன்றிங்க. மலத்துக்கு இசப்கோல் போடலாமா? அப்புறம், சாப்பிடும்போது கிண்ணம் நகர்ந்து மூலைக்குப் போயிடுது.

பதில் (மீசைக்காரி):
கால் டீஸ்பூன், நாளுக்கு ஒரு தடவை. ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியோட வெட் ஃபுட்ல ஊறவச்சுக் கொடுங்க. காஞ்ச இசப்கோலை ட்ரை ஃபுட் மேல தூவினா குடல்ல இருக்கிற தண்ணியையும் உறிஞ்சி அடைச்சுக்கும். அதுக்கு முன்னாடி மருத்துவர் வயித்தைத் தொட்டுப் பாக்கட்டும். பெருங்குடல் விரிஞ்சு போயிருந்தா நார்ச்சத்து நிலைமையை மோசமாக்கும், அப்ப சக்கை குறைஞ்ச தீவனமும் மலமிளக்கியும்தான். மனுஷங்களுக்கான பாஸ்பேட் எனிமா மட்டும் கூடவே கூடாது. பூனையைக் கொன்னுடும்.

பதில் (கிண்ணம்):
கனமான பீங்கான் தட்டு, அடியில ரப்பர் விரிப்பு, தரையிலிருந்து 5 செ.மீ. உயரம். ஆழக் கிண்ணம் வேண்டாம். குனிஞ்சா முன்னங்கால்ல முழுப்பாரமும் விழுந்து சறுக்கும். சுருட்டின துண்டை நெஞ்சுக்கு அடியில அணைகொடுங்க. மல்லாத்தியோ பக்கவாட்டிலேயோ கிடத்தி ஊட்டாதீங்க, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்.

தலை ஆடற பூனை வச்சிருக்கிறவங்களுக்கும் இதே தட்டுதான். அதுங்களுக்குக் குழம்பாட்டம் இருக்கிறதைவிட, கெட்டியான பேஸ்ட் வகையைத் தட்டு ஓரத்துல ஒட்டினாப்ல அப்பிவிட்டா நக்கிச் சாப்பிட வசதி. மூக்கைத் தட்டுல இடிச்சுக்காது.