மறு: உளச்சிகிச்சையில் படைப்பாற்றல் – ‘உடனாக்கம்’ என்று வைக்கலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். உளச்சிகிச்சையில் சிகிச்சையாளரும் வந்தவரும் சேர்ந்து அந்த நேரத்திலேயே உருவாக்குவதற்கு, ‘படைப்பாற்றல்’ என்பதற்குப் பதிலாக ‘உடனாக்கம்’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘படைப்பாற்றல்’ என்று நிலைபெற்ற சொல் இருக்கிறதே. உளச்சிகிச்சைக்கென்று தனியாக ஒன்று எதற்கு?

பொதுப் பயன்பாட்டில் அந்தச் சொல்லிடம் எனக்குக் குறையே இல்லை. ஆற்றுப்படுத்துநரின் (உளவள ஆலோசகரின்) அறைக்குள் வரும்போதுதான் அதிலுள்ள ‘ஆற்றல்’ இடிக்கிறது. ஆற்றல் என்றால் ஒருவரிடம் இருப்பது. சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. மனம் நொந்து வந்திருப்பவரிடம் “உங்கள் படைப்பாற்றலைக் கொண்டு பார்ப்போம்” என்றால், “எனக்கு வரையவெல்லாம் வராதே” என்று ஒதுங்கிவிடுவார். அவர் திறமையை அங்கே யாரும் அளக்கவில்லை, ஆனால் சொல் அளப்பதுபோல் நிற்கிறது.

> அப்படியானால் ‘கலைவழிச் சிகிச்சை’?

அது வேறொன்றின் பெயர். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, வரைவது தன்னைத் தேற்றுவதை உணர்ந்தார். அந்தத் துறைக்கு 1942இல் ‘ஆர்ட் தெரபி’ என்ற ஆங்கிலப் பெயரை வழங்கியவர் அவர். தூரிகையோ இசையோ நாடகமோ அதற்கு வேண்டும். நாம் பெயர் தேடுவது, வெறும் பேச்சிலும் நடக்கிற ஒன்றுக்கு.

டொனால்ட் வின்னிகாட்டின் கிறுக்கல் விளையாட்டைப் பாருங்கள். அவர் பிரிட்டனின் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. தாளில் யோசிக்காமல் ஒரு கோட்டை இழுத்துவிடுவார். எதிரில் இருக்கும் குழந்தை அதை எதுவாகவும் மாற்றலாம். வால் வைத்தால் மீன், காது வைத்தால் பூனை. அடுத்துக் குழந்தை கிறுக்கும், அவர் முடிப்பார். நேராகக் கேட்டால் வாய் திறக்காத குழந்தையின் அச்சம், சில தாள்கள் தாண்டியதும் ஏதோ ஓர் உருவமாக வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் படம் யாருடையது? இருவரில் ஒருவர் பெயரை மட்டும் அதன் கீழ் எழுத முடியாது. வின்னிகாட் 1971இல் வெளிவந்த நூலில் இதைப் பெரியவர்களுக்கும் பொருத்துகிறார். இருவர் விளையாடும் களங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடத்தில்தான் உளச்சிகிச்சை நடக்கிறது என்கிறார். விளையாட இயலாதவரை விளையாடும் நிலைக்குக் கொண்டுவருவதே சிகிச்சையாளரின் வேலை என்றும் சொல்கிறார்.

இருவருக்கு நடுவே, அந்த நேரத்தில் பிறப்பது. அதனால்தான் ‘உடனாக்கம்’ என்கிறேன். ‘உடன்’ என்பதில் கூடவே என்ற பொருளும் உண்டு, அப்போதே என்ற பொருளும் உண்டு. இரண்டுமே இங்கு வேண்டும். உள்ளச் சிக்கலை நடித்துப் பார்க்கும் சிகிச்சையான உளநாடகத்தை வகுத்த மொரேனோ, தன்னெழுச்சி இல்லாமல் படைப்பு உயிர்பெறாது என்றவர். ‘அப்போதே’ என்ற பொருள் அவருடைய கொள்கைக்கும் இடம் தருகிறது. ‘ஆக்கம்’ குறளில் செல்வம், உயர்வு என்றும் வரும். நலம் நாடி வந்தவருக்கு அதுவும் சேர்ந்தால் நல்லதுதானே!

> ‘கூட்டுப்படைப்பு’ எளிதாகப் புரியுமே?

புரியும், ஆனால் முடிந்த பண்டம் ஒன்று கையில் இருப்பதுபோல் ஒலிக்கிறது. அமர்வின் முடிவில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. மைக்கேல் வைட், டேவிட் எப்ஸ்டன் இருவரும் வளர்த்த கதையாடல் சிகிச்சையில், சிக்கலை ஆளிடமிருந்து பிரித்து அதற்கொரு பெயர் வைக்கச் சொல்வார்கள். “நான் கோபக்காரன்” என்று வந்த சிறுவன் கோபத்துக்கு ‘எரிமலை’ என்று பெயர் வைக்கிறான் என்று கொள்வோம். “எரிமலை எப்போது வரும்? அது வந்தும் நீ அதற்கு அடிபணியாமல் நின்ற நாள் உண்டா?” என்று ஆற்றுப்படுத்துநர் கேட்கலாம். பெயர் அவனுடையது, கேள்வி இவருடையது. அடுத்த வாரம் அந்தப் பெயரையே அவன் விட்டுவிடலாம். அதைப் படைப்பு என்று எடுத்து வைக்க முடியுமா?

இன்னொரு காரணத்தை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஆற்றுப்படுத்துநர் அழகான உவமை ஒன்றைச் சொல்கிறார், வந்தவர் தலையாட்டுகிறார். பழைய சொல்லின்படி அது படைப்பாற்றல் மிக்க அமர்வு. புதிய சொல் இருந்தால், ‘அங்கே உடனாக்கம் நிகழவில்லை, ஒருவர் மட்டுமே படைத்துக்கொண்டிருந்தார்’ என்று பயிற்சியாளர் குறிப்பில் எழுத முடியும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1954இலேயே, படைப்பு முளைக்க உளப்பாதுகாப்பும் உளச்சுதந்திரமும் வேண்டும் என்று எழுதினார். அவற்றைத் தரவேண்டிய இடத்தில் இருப்பவரே தன் சாமர்த்தியத்தால் இடத்தை அடைத்துக்கொண்டால், வந்தவர் எங்கே போவார்?

வினையாக்கும்போதுதான் சிக்கல். ‘உடனாக்கினார்கள்’ என்றால் யாரையோ ஒன்றுசேர்த்ததுபோல் இருக்கிறது. இப்போதைக்கு ‘உடனாக்கம் கூடிவந்தது’ என்று எழுதிப் பார்க்கிறேன். ‘உடனடி’ என்ற சாயல் அதிகமாக அடிக்கிறது என்று எவருக்கேனும் பட்டால், வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். தனிச்சொல்லாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.